சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்தே வருகிறதே, ஏன்?

ஆற்றங்கரை:
டெக்சாஸில் ஒரு சிறிய கிளினிக்கில் வேலை செய்கிறேன், வருகிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். சர்க்கரைக்கு மாத்திரை கேட்டு வரும் அம்மாக்கள் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, "நெர்வியோஸ்" என்கிறார்கள், மனச்சோர்வு என்று மட்டும் சொல்வதே இல்லை. எப்படிப் பேசுவது?

வெண்பனி:
கவலை, படபடப்பு, அழுகை எல்லாவற்றுக்கும் அவர்கள் வழக்கில் "நெர்வியோஸ்"தான் சொல். திருத்தாதீர்கள், அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குங்கள். சர்க்கரை இருந்தால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடும், அது வந்துவிட்டால் மாத்திரையும் நேரத்துக்குச் சாப்பாடும் தவறி சர்க்கரை இன்னும் ஏறும்.

கரிசல்மண்:
காப்பீட்டை விட்டுவிட்டீர்களே! ஒபாமா கொண்டுவந்த 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் காப்பீட்டுச் சந்தையில் குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு இடமில்லை, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை டெக்சாஸ் விரிவாக்கவும் இல்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போச்சு. அப்புறம், மொழிபெயர்க்கப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்தால் அதன் முன்னால் எந்த அம்மா மனம் திறப்பார்?

வெண்பனி:
ரொம்பச் சரி. அதே சமூகத்துப் பெண்களே பயிற்சி பெற்று வீடுவீடாகப் போகிறார்கள், "ப்ரோமோதோரா" என்பார்கள், டெக்சாஸ் அரசே சான்றிதழ் தருகிறது. அவர்களிடம் இந்த அம்மாக்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

ஆற்றங்கரை:
பிள்ளை விஷயம் உறைத்தது, நேற்றுகூட நடந்தது. நாளைக்கே விசாரிக்கிறேன்.