டெக்சாஸில் ஸ்பானிஷில் பேச்சைத் தொடங்கலாமா?

கேள்வி (சான் அன்டோனியோ):
அனைவருக்கும் வணக்கம். நான் டெக்சாஸுக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஈரத் தரையில் நிறுத்தும் மஞ்சள் பலகையில் ‘பீசோ மொஹாதோ’ என்ற எச்சரிக்கை, ஸ்பானிஷுக்கு இரண்டை அழுத்தச் சொல்லும் தொலைபேசிக் குரல் என்று அந்த மொழி இங்கே எங்கும் இருக்கிறது. என்னை மெக்சிகோக்காரர் என்று எண்ணிப் பேச்சுக் கொடுப்பவர்களிடம் விழிக்க வேண்டியிருந்ததால், மாலை வகுப்பில் சேர்ந்து ஓரளவு கற்றுக்கொண்டேன். ஆனால் சென்ற வாரம் மளிகைக் கடையில் பில் போடும் பெண்ணிடம் ஸ்பானிஷில் பேசியபோது, அவர் முகம் வாடி, ஆங்கிலத்திலேயே விடையளித்தார். நான் எதில் தவறினேன்?

மறுமொழி (ஹூஸ்டன்):
அவருக்கு ஸ்பானிஷ் தெரியாமல் இருந்திருக்கலாம். டெக்சாஸில் 1918-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிகளில் ஆங்கிலம் தவிர்த்த மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கியது. பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கிய பிள்ளைகளில் பலர், பின்னாளில் பெற்றோரானபோது, தம் மக்களுக்கும் அந்த அடி விழக்கூடாதென்று வீட்டிலும் ஆங்கிலமே பேசினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் முகத்தை வைத்து முடிவுசெய்து ஸ்பானிஷில் பேசினால், ‘உனக்கு ஆங்கிலம் வராது’ என்றும் அது கேட்கும், ‘உன் பாட்டியின் மொழி உனக்கு வராது’ என்றும் கேட்கும். ஆங்கிலத்தில் தொடங்குங்கள், எதிரில் இருப்பவர் சொல் தேடித் தடுமாறினால், ஸ்பானிஷ் வசதியா என்று கேளுங்கள். மூத்தவர்களிடம் ‘தூ’ வேண்டாம், ‘உஸ்தெத்’ என்றே சொல்லுங்கள். நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடும்.

மறுமொழி (லாஸ் ஏஞ்சலஸ்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும் கற்பதைக் கைவிடாதீர்கள். 1848-இல் மெக்சிகோவிடமிருந்து கைமாறிய கலிபோர்னியா, மறு ஆண்டே இயற்றிய தன் அரசியலமைப்பில், சட்டங்களை ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் வெளியிட வேண்டும் என்று எழுதியது. அந்த அளவுக்கு இது இந்த மண்ணில் வேர்விட்ட மொழி.

ஆனால் அரைகுறை அறிவு ஆபத்தாகும் இடமும் உண்டு. நான் செவிலியர். ஒரு முதியவரிடம் மாத்திரையை எப்போது விழுங்குவீர்கள் என்று கேட்டேன், ‘அவோரீத்தா’ என்றார். ‘இப்போதே’ என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், மாத்திரை கிண்ணத்திலேயே கிடந்தது. மெக்சிகோ வழக்கில் அந்தச் சொல்லுக்கு ‘கொஞ்ச நேரத்தில்’ என்றும் பொருள் உண்டு. அன்றிலிருந்து மருந்து, ஒப்புதல் கையொப்பம் போன்றவற்றுக்கு மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தப் பெண்ணின் முகம் வாடியதன் காரணம் இப்போது புரிகிறது. நேற்று டாகோ கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எழுந்து போன பெரியவர் ஒருவர் என் மேசையைக் கடக்கையில் ‘ப்ரோவேச்சோ’ என்றார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று முன்பின் அறியாதவரையும் வாழ்த்தும் வழக்கம் அது. ‘கிராசியாஸ், சென்யோர்’ என்றேன். அவர் நின்று புன்னகைத்துவிட்டுப் போனார்.