காரை உதிரும் வகுப்பறை: வாய்மொழியாக "நடத்துங்கள்" என்கிறார்கள், எழுதித் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

கேள்வி: ஒன்றியப் பள்ளி ஆசிரியை

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பொறுப்புத் தலைமையாசிரியையாக இருக்கிறேன். 58 பிள்ளைகள், என்னையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள். கட்டடம் இரண்டு. ஒன்று, அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கட்டிய இரண்டு வகுப்பறை. அதில் குறையில்லை. மற்றது அதற்கும் முந்தைய கான்கிரீட் கட்டடம்: இரண்டு அறை, முன்னால் ஒரு வராண்டா.

இந்தப் பழைய கட்டடத்தில் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் நடக்கின்றன. ஃபேன் கொக்கியைச் சுற்றி ஒரு முழத்துக்குப் பூச்சு விழுந்து கம்பி தெரிகிறது. கம்பி துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிகிறது. அந்தக் கம்பி போகிற வழியிலேயே நேர்கோடாக ஒரு விரிசல் சுவர் வரை ஓடுகிறது. மழை பெய்தால் அந்தக் கோட்டில்தான் ஈரம் இறங்குகிறது. சனி, ஞாயிறு விடுமுறை முடிந்து திறந்தபோது உள்ளங்கை அளவுக் காரை பாயின் மேல் கிடந்தது.

ஒன்றியப் பொறியாளர் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். "பூச்சுதான் போயிருக்கு, ஸ்லாப் நல்லா இருக்கு, நடத்துங்க டீச்சர்" என்றார். அதை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன், தரவில்லை. கல்வி அலுவலகத்தில் கேட்டால் "ஆபத்தான அறையில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்" என்கிறார்கள். அதுவும் போனில்தான். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது.

மேலிட உத்தரவு இல்லாமல் நானே அந்த அறையைப் பூட்டலாமா? பள்ளி மானியத்தில் பூச்சு வேலை பார்க்கலாமா? பெற்றோர்கள் தங்கள் செலவிலேயே மைதானத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தருகிறோம் என்கிறார்கள், அதை ஏற்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பக்கத்து ஒன்றியத் தலைமையாசிரியர்

டீச்சர், முதல் கேள்விக்கு மட்டும் உடனே சொல்லிவிடுகிறேன். பூட்டுங்கள், நாளைக்கே. பள்ளி வளாகத்துக்குள் எந்த வகுப்பை எந்த அறையில் நடத்துவது என்பது தலைமையாசிரியர் முடிவு. கட்டடத்தை இடிக்கத்தான் உத்தரவு வேண்டும், காலி செய்ய வேண்டாம்.

இடம் போதுமா என்ற கவலையும் வேண்டாம். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு 1, 2, 3 வகுப்புகளை நாம் சேர்த்துத்தானே நடத்துகிறோம். நல்ல கட்டடத்தில் ஓர் அறை அவர்களுக்கு, இன்னோர் அறை 4, 5 வகுப்புக்கு. நெருக்கடியாக இருக்கும், ஆனால் நடத்திவிடலாம்.

பூட்டிய அன்றே கடிதம் போய்விட வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் தனித்தனியாக. கட்டடம் ஒன்றியத்துடையது, பள்ளி கல்வித் துறையுடையது. ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவர் மேசைக்குப் போகவே மாதங்கள் ஆகும். நீட்டி முழக்காமல் இப்படி எழுதுங்கள்:

"எமது பள்ளியின் பழைய கான்கிரீட் கட்டடத்தில் மேற்கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி வெளித்தெரிவதால், மாணவர் பாதுகாப்புக் கருதி அக்கட்டடம் இன்று முதல் பூட்டப்பட்டு, வகுப்புகள் மாற்று அறையில் நடைபெறுகின்றன. கட்டடத்தின் உறுதித்தன்மையை ஆய்வு செய்து, பயன்படுத்தலாமா கூடாதா என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். புகைப்படங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

"அனுமதி வேண்டுகிறேன்" என்று எழுதாதீர்கள். பூட்டியாயிற்று என்று தெரிவியுங்கள். தபால் பதிவேட்டில் எண் போட்டு, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

பதில்: கிராமத்து இளைஞர்

எங்கள் ஊர்ப் பள்ளியிலும் இப்படித்தான் இருந்தது. கொத்தனாரை வைத்துக் கம்பி மேல் சிமென்ட் அடித்து, வெள்ளையடித்தோம். இப்போது பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. டீச்சர் இவ்வளவு பயப்பட வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்

தம்பி, உங்கள் ஊர்க் கட்டடத்தையும் யாராவது பொறியாளர் பார்க்க வேண்டும், அதுவும் சீக்கிரம். காரணத்தைச் சொல்கிறேன்.

கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு, கரைந்த இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். அந்த வீக்கம்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து கீழே தள்ளுகிறது. அதனால்தான் டீச்சர் சொன்ன மாதிரி விரிசல் கம்பியோடு நேர்கோட்டில் ஓடுகிறது. வெறும் பூச்சு விரிசல் இப்படி ஓடாது, சிலந்தி வலை போலக் கண்டபடி கிளை விடும். ஆக இது பூச்சுக் கோளாறு இல்லை. துருவைச் சுரண்டாமல் மேலே சிமென்ட் அடித்தால் துரு நிற்காது, நம் கண்ணுக்குத்தான் மறையும். அப்புறம் ஒருநாள் பழைய துண்டும் புதுப் பூச்சும் சேர்ந்து ஒரே கட்டியாக விழும்.

சரியான பழுதுபார்ப்பு என்றால், தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். இதெல்லாம் பார்க்கத் தகுதியான ஸ்லாப்தானா என்று முதலில் சோதிக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் "டங்" என்று கெட்டியாகப் பேசும், பிரிந்த இடம் "பொத்" என்று வெற்றொலி தரும். அதற்கு மேல் ரீபவுண்டு ஹேமர், அல்ட்ராசானிக் சோதனை, கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பைக் காட்டும் ஹாஃப் செல் சோதனை என்று இருக்கின்றன. அரசுப் பொறியியல் கல்லூரி சிவில் துறையில் கேட்கலாம். ஒன்று மட்டும்: டீச்சரோ பெற்றோரோ அந்த ஸ்லாப்புக்கு அடியில் நின்று தட்டிப் பார்க்கக் கூடாது.

மானியத்தைப் பற்றி. 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 25,000 ரூபாய். அது குழாய், தாழ்ப்பாள், கழிப்பறைச் சுத்தம் போன்ற சில்லறை வேலைக்கானது. ஸ்லாப் வேலைக்கு அதில் ஒரு ரூபாய்கூடத் தொடாதீர்கள். பணமும் போகும், "பழுது நீக்கப்பட்டது" என்று கோப்பில் ஏறியும் விடும். பிறகு யார் வந்து இடிப்பார்கள்?

வந்து பார்த்தவர் எழுதித் தராதது பற்றி: உறுதி என்று நம்புகிறவருக்குக் கையெழுத்துப் போடத் தயக்கம் இருக்காது. நான் பணியில் இருந்த காலத்தில் கையெழுத்துப் போட மனம் வராத கட்டடத்தில் பிள்ளைகளை உட்காரச் சொன்னதில்லை. வாய்ச்சொல்லை அறிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், டீச்சர்.

பதில்: கும்பகோணம் பக்கத்து ஆசிரியர்

கொட்டகை விஷயத்தை யாரும் தொடவில்லையே. டீச்சர், தயவுசெய்து வேண்டாம். பெற்றோர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தது கீற்றுக் கூரையில் பிடித்த தீயால்தான். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்று ஆனது.

அந்த விபத்தை ஒட்டிப் போடப்பட்ட வழக்கில்தான், அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கு, 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அதில் அடக்கம் என்றது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் அது பொருந்தும். தனியார் பள்ளிகளிடம் கட்டட உறுதி, கட்டட உரிமம், தீத்தடுப்பு, சுகாதாரம் என்று நான்கு சான்று கேட்கிறோம். நம் பள்ளிகளில் அந்தக் காகிதங்களை யாரும் கேட்பதில்லை என்பதால் அந்த நான்கு விஷயங்களும் நமக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. ஏழைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒரு படி குறைவு?

நிழல் வேண்டுமானால் இரும்புக் குழாயும் தகரமும் போட்டு, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். சத்துணவுக் கூடத்துக்கு அருகில் வேண்டாம்.

பதில்: ஊர் வயர்மேன்

பழைய கட்டடத்தைப் பூட்டும் முன் கரண்ட்டைப் பாருங்க மேடம். நிறையப் பள்ளிகளில் போர் மோட்டாருக்கும் கழிப்பறைக்கும் லைன் பழைய கட்டடம் வழியாகத்தான் போகும். கதவைப் பூட்டிவிட்டு, ஈரச் சுவருக்குள் கரண்ட்டை ஓடவிட்டால் பூட்டியதில் பாதிப் பலன்தான். ஃப்யூஸைப் பிடுங்கினால் போதாது, மெயின் போர்டிலேயே அந்தக் கட்டடத்து ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றச் சொல்லுங்க. மோட்டாருக்கு வெளியே தனி லைன் இழுக்கணும்.

இன்னொன்று. மழையில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்து வைத்திருக்கிறார்களா பாருங்க. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழணும், பிள்ளை உயிரைக் காப்பதே அதுதான். விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்சிபி சுவிட்ச் எல்லாவற்றையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டால் எந்த லைன் என்று தெரிந்துவிடும். எல்லாம் இறக்கியும் விழுந்தால் பெரும்பாலும் நியூட்ரலில் கசிவு. அதை லைசென்ஸ் உள்ள ஆள்தான் பார்க்கணும்.

கேட்டவர் மீண்டும்

எல்லாருக்கும் மிக்க நன்றி. பூட்டிவிட்டேன், இரண்டு கடிதமும் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். கொட்டகை வேண்டாம் என்று பெற்றோரிடம் பேசினேன், கும்பகோணம் என்றதுமே புரிந்துகொண்டார்கள். வயர்மேன் சார் சொன்னது அப்படியே சரி: மோட்டார் லைன் அந்த வராண்டா வழியாகத்தான் போகிறது. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

கோப்பைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. எனக்கு முன் இருந்தவர் காலத்து யுடைஸ் (பள்ளி விவரங்களை அரசுக்குத் தரும்) படிவத்தில் நான்கு வகுப்பறையும் "நல்ல நிலை" என்று இருக்கிறது. இதைத் திருத்தினால் முன்பு இருந்தவருக்குச் சிக்கல் வருமா?

பதில்: பக்கத்து ஒன்றியத் தலைமையாசிரியர்

முடிச்சு அங்கேதான் இருக்கிறது, டீச்சர். மேலே உட்கார்ந்து நிதி ஒதுக்குகிறவர்கள் பள்ளியைப் பார்ப்பதில்லை, யுடைஸையும் மாநிலக் கல்வித் துறைத் தகவல் தளமான எமிஸையும்தான் பார்க்கிறார்கள். அதில் நல்ல நிலை என்று இருக்கும்வரை உங்கள் பள்ளி எந்தப் பட்டியலிலும் வராது. அந்த வருடம் நல்ல நிலையில் இருந்தது, இந்த வருடம் இல்லை. கட்டடம் பழசாவது இயற்கைதானே, யாருக்கும் சிக்கல் வராது. நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்ற மூன்றில் இருப்பதை இருக்கிறபடி பதியுங்கள்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். கல்வி உரிமைச் சட்டம் 2009, 21-ஆம் பிரிவின்படி அமைந்த குழு அது. அதன் தீர்மானத்துக்கு எடை உண்டு. அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் வைக்கச் சொல்லுங்கள். அக்டோபர் 2-ம் நவம்பர் 1-ம் வருகின்றன. அரசு ஊழியராகிய நாம் கேட்டுப் பதில் வராத கேள்வியை ஊர் கேட்டால் பதில் வரும். ஆய்வறிக்கை என்ன ஆயிற்று என்று பெற்றோர் ஒருவர் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பதில்: மேலாண்மைக் குழு உறுப்பினர் (ஒரு தாய்)

அந்த மனுவை எங்களை மாதிரி உங்கள் ஊர் அம்மாக்கள் போடட்டும் டீச்சர். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்தோம். மனு போன பிறகுதான் பொறியாளர் ஏணியோடு வந்தார்.

கேட்டவர் மீண்டும்

ஆய்வு நடந்துவிட்டது. இந்த முறை தட்டிப் பார்த்து, "பயன்பாட்டுக்கு உகந்ததல்ல, இடித்து அகற்றப் பரிந்துரை" என்று எழுதித் தந்துவிட்டார்கள். இடிக்கும்வரை நான் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்

மிக நல்லது, டீச்சர். இனி மதிப்பீடு, ஒன்றியத் தீர்மானம், மாவட்ட அளவில் அனுமதி, பழைய பொருள்களுக்கு ஏலம் என்று போகும். நாளாகும். புதுக் கட்டடத்துக்கான கோரிக்கையை இடிக்கும்வரை தள்ளிப் போடாதீர்கள், இந்த அறிக்கை நகலை வைத்து இப்போதே அனுப்புங்கள்.

கயிறு கட்டி வைப்பது பிள்ளைகளைத் தடுக்காது, பந்து உருண்டால் உள்ளே ஓடிவிடுவார்கள். சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் வெளிப்பக்கம் விழக்கூடியவை. சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளிக் கம்பும் தகரமும் வைத்து அடையுங்கள்.

பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. புயல், வெள்ளம் என்றால் பள்ளிதான் நிவாரண முகாம். இரவோடு இரவாகச் சாவியை வாங்கி, ஊர் மக்களை அதே கட்டடத்தில் தங்க வைத்துவிடுவார்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் இந்த அறிக்கையின் நகலை மழைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வாக்குச்சாவடிப் பட்டியலில் அந்த அறை இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

கழிப்பறைச் சுவரையும் சுற்றுச்சுவரையும் பார்த்தீர்களா? 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் மூன்று மாணவர்கள் இறந்தது கழிப்பறைச் சுவர் இடிந்துதான், வகுப்பறைக் கூரையால் இல்லை. அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, அடியில் மண் அரித்து அஸ்திவாரம் தெரிகிறதா, விரிசலில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். செப்டிக் டேங்க் மூடியையும் பார்த்துவிடுங்கள். ஒன்று இருந்தாலும் படம் எடுத்து இங்கே போடுங்கள், சொல்கிறேன்.

கேட்டவர் மீண்டும்

கழிப்பறைக்குப் பின்சுவரில் அரசங்கன்று இருக்கிறது ஐயா. பிடுங்கிவிடலாமா?

பதில்: ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்

பிடுங்காதீர்கள். வேர் செங்கலைச் சேர்த்துப் பிடித்திருக்கும், இழுத்தால் சுவர் கூடவே வரும். தண்டை மட்டும் வெட்டச் சொல்லுங்கள், அதையும் ஆள் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று செய்யட்டும். அந்தச் சுவரை ஒட்டிப் பிள்ளைகள் போகாமல் அடைத்துவிட்டு, இதே கோப்பில் இரண்டாவது கடிதமாகச் சேருங்கள்.