பழைய சுவரில் துப்பாக்கிப் பெட்டி நிற்கலை, வழி சொல்லுங்க

கொருக்குப்பேட்டையில் வாடகை வீடு, முதல் மாடி. பேங்க்கில் கன்மேனா இருந்த அப்பா போன ஐப்பசியில் தவறிட்டார். அவரோட 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியை அந்த வாரமே ஆயுதக் கடையில் ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டோம். அங்கே வெச்சிருக்கிறதுக்கு மாச வாடகை ஓடுது.

வாரிசா என் பேருக்கு லைசென்ஸ் கேட்டு கமிஷனர் ஆபீஸில் ஏ-1 படிவம் கொடுத்தாச்சு. அம்மா, தங்கச்சி ரெண்டு பேரோட சம்மதக் கடிதமும் வெச்சிருக்கேன். இடிக்கிறது ஒண்ணுதான்: துப்பாக்கியைக் கழற்றிய நிலையில் பத்திரமா பூட்டி வைக்க வீட்டில் என்ன ஏற்பாடுன்னு காட்டணும்.

முதல்ல பீரோ லாக்கரைப் பார்த்தேன். குழல் மட்டுமே 30 அங்குலம், உள்ளே போகலை. அப்புறம் தண்டையார்பேட்டை பட்டறையில் 3 மி.மீ. தகட்டில் பெட்டி அடிச்சேன், தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. முப்பது கிலோகூட வராது, திருடன் தோளில் போட்டுட்டுப் போயிடுவான். சுவரோடு முடுக்கலாம்னா, ட்ரில் பட்டதுமே சுண்ணாம்புக் காரை பொலபொலன்னு கொட்டுது. ஆங்கர் போல்ட் கையோடு வந்துடுச்சு. நாலரை அங்குலச் சுவர், அந்தப் பக்கம் அடுத்த போர்ஷன் சமையல்கட்டு. கெமிக்கல் ஆங்கரும் (ஓட்டையில் பசை விட்டு ஒட்டுற போல்ட்) ஒரு இடத்தில் போட்டேன், செங்கல்லே பிளந்துச்சு. தரை மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்து மேல செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய தளம்), ஓட்டை போட்டா கீழ்வீட்டில் ஒழுகும்னு ஓனர் கண்டிப்பா சொல்லிட்டார் (அவர் சொல்றதும் நியாயம்தான்).

அடுத்த வாரம் ஸ்டேஷனிலிருந்து வீட்டைப் பார்க்க வர்றாங்க. இந்த மாதிரி காரைச் சுவரில் பெட்டியை அசையாம பொருத்தினவங்க யாராவது இருந்தா, எப்படிச் செஞ்சீங்க?