பழைய கார்வெட்டில் கியர்பாக்ஸ் கோளாறு: பிரிப்பதற்கு முன் பார்த்தவை

ஹூஸ்டன்வாசி:

நான் வைத்திருப்பது 1986ஆம் ஆண்டு செவ்ரலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார். அதில் உள்ள 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிதான் 1982 மாடல் முதல் 1993 மாடல் வரை ஆட்டோமேட்டிக் கார்வெட்டுகள் அனைத்திலும் வந்தது. இடையில் 4எல்60 என்று பெயர் மாற்றினார்கள். என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே அறிகுறிகளோடு போகிறவர்களிடம் முழுதாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவது வழக்கமாக இருக்கிறது.

மெதுவாக ஓட்டும்போது வேகம் ஏறுவதற்குள்ளாகவே இரண்டு, மூன்று என்று கியர் அவசரமாக, மாறியதே தெரியாமல் மேலே போய்விடும். நெடுஞ்சாலையில் சேரும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தால், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் இன்ஜின் மட்டும் வீறிடும். காரின் வேகம் கூடாது. நான் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், காரின் கணினியில் பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை, ஆகவே கிளட்ச்தான் போய்விட்டது என்றார்கள். எனக்கு அந்த வாதம் பிடிபடவில்லை. இந்தப் பெட்டியில் கியர் மாற்றுவதில் கணினிக்குப் பங்கே கிடையாது. காரின் வேகத்துக்கேற்பக் கவர்னர் என்ற பாகம் தரும் ஆயில் அழுத்தமும், ஆக்ஸிலரேட்டர் திறக்கும் த்ராட்டிலோடு இணைந்த டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள் உண்டாக்கும் அழுத்தமும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுவதில்தான் எப்போது எந்தக் கியர் என்பது முடிவாகிறது. கணினி கவனிப்பது, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப்பை, அதாவது அதை இன்ஜினோடு நேரடியாகப் பூட்டுவதை மட்டுமே. கியர் மாறுவதில் கோளாறு என்றால் பிழைக் குறியீடு வராமல் இருப்பது எதையும் நிரூபிக்காது.

இன்ஜினைச் சூடேற்றி, சமதளத்தில், பார்க்கில் ஓடவிட்டு டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். அளவு சரி, நிறம் மங்கல், கருகல் வாடை லேசாக இருந்தது. அடுத்தது கேபிள். த்ராட்டிலைக் கையால் முழுக்கத் திறந்தும் அது கடைசி வரை இழுபடவில்லை. முன்பு யாரோ த்ராட்டில் பாடியைக் கழற்றி மாட்டிவிட்டு கேபிளைச் சரிசெய்யாமல் விட்டிருக்க வேண்டும். கேபிள் தளர்ந்தால் கியர் சீக்கிரம் மாறுவதோடு போவதில்லை. கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் லைன் அழுத்தமும் குறைகிறது, அதில் முதலில் அடிபடுவது மூன்றாம், நான்காம் கியர்களுக்கான மூன்று-நான்கு கிளட்ச். அழுத்தமானியை மாட்டி, ஐடிலில் கேபிளைக் கையால் இழுத்தபோது முள் உயர்ந்ததால், ஆயில் பம்பைப் பற்றிய கவலை நீங்கியது.

இன்ஜினை அணைத்துவிட்டு, கேபிள் முனையில் உள்ள சிறு தகட்டை அழுத்தியபடி ஸ்லைடரை ஃபயர்வால் (இன்ஜின் அறைக்கும் உட்புறத்துக்கும் இடைப்பட்ட சுவர்) பக்கமாக முழுதும் தள்ளி, தகட்டை விட்டுவிட்டு, த்ராட்டில் நெம்புகோலைக் கடைசி வரை திருப்பினேன். ஸ்லைடர் ‘கடக் கடக்’ என்ற ஓசையோடு தன் இடத்தில் வந்து நின்றது. இதற்கு ஒரு கருவியும் தேவையில்லை. அதன் பிறகு கியர்கள் உரிய வேகத்தில் அழுத்தமாக விழுகின்றன, வீறிடலும் இல்லை. ஆனாலும் ஆயில் பேனைக் கழற்றியபோது அடியில் கரும்பசை தாராளமாகவே படிந்திருந்தது. தேய்ந்த கிளட்ச் தேய்ந்ததுதான். இந்தப் பெட்டியை இனி நான் விரட்டி ஓட்டப் போவதில்லை.

எல்98 பிரியர்:

என் 1988 காரில் தொல்லை வேறு மாதிரி. சிக்னலில் நிற்கப் போகும்போது, மேனுவல் காரில் கிளட்சை மிதிக்காமல் பிரேக் போட்டதைப் போல இன்ஜின் குலுங்கி அணைந்துவிடும். லாக்கப் விடுபடவில்லை என்பது ஊகம். அதை உறுதிசெய்ய, பெட்டியின் பக்கவாட்டில் லாக்கப் ஒயர்கள் சேரும் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். கழற்றியதும் கோளாறு மறைந்திருந்தால் கணினி அல்லது ஒயரிங் பக்கம் தேட வேண்டியிருக்கும். எனக்கோ மின்சாரமே போகாத நிலையிலும் இன்ஜின் அணைந்தது. உள்ளே லாக்கப்புக்கான ஆயிலைத் திறந்து மூடும் மின்வால்வான சாலினாய்டு அடைத்துக்கொண்டிருந்தது. நல்லவேளையாக, அதை மாற்றப் பெட்டியை இறக்க வேண்டியதில்லை. பேனையும் ஃபில்ட்டரையும் கழற்றினாலே போதும்.

பழைய இரும்பு:

பிரித்தே ஆக வேண்டியவையும் உண்டு. என் 1984 காரில் ஒரு நாள் ரிவர்ஸ் இல்லாமல் போனது. முன்பக்கம் போட்டால் முதல் கியரில் கிளம்பும், பிறகு நியூட்ரலில் விட்டதுபோல் இன்ஜின் எகிறும், வேகம் இருந்தால் மூன்றாவது பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸ், இரண்டு, நான்கு ஆகியவை சேர்ந்து போய், ஒன்றும் மூன்றும் மட்டும் மிஞ்சினால் உள்ளே சுழற்சியைக் கடத்தும் சன் ஷெல் என்ற உருளையின் பற்கள் மழுங்கிவிட்டன என்று பொருள். ரிவர்ஸ் நன்றாக இருந்து, இரண்டும் நான்கும் மட்டும் இல்லையென்றால் அந்த இரண்டு கியர்களுக்காக உருளையைச் சுற்றி இறுகும் பட்டையான பேண்டைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றும் நான்கும் இல்லையென்றால் ஹூஸ்டன்வாசி சொன்ன மூன்று-நான்கு கிளட்ச்தான். மெக்கானிக்கிடம் போவதற்கு முன் எந்தெந்தக் கியர் இல்லை என்று குறித்துக்கொண்டு போனால் பேச்சு பாதியாகக் குறையும்.

ஹூஸ்டன்வாசி:

பழைய இரும்பு, நீங்கள் பழுது பார்ப்பதற்குப் பதிலாக வேறு பெட்டி வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1984 வரை வந்தவற்றின் இன்புட் ஷாஃப்டில் 27 பற்கள், 1985 முதல் 30. உங்கள் பழைய டார்க் கன்வெர்ட்டர் 1985 அல்லது அதற்குப் பிந்தைய பெட்டியில் பொருந்தாது; அப்படி வாங்கினால் கன்வெர்ட்டருக்கும் சேர்த்தே விலை பேசுங்கள்.