புதுப்பிப்பு: ஐஆர்ஆர் ஒன்றைச் சொல்ல, என்பிவி வேறொன்றைச் சொன்ன கதை

இரண்டில் ஒரு திட்டத்தைத்தான் எடுக்க முடியும், எதை எடுப்பது என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் முதலீடு 1000. முதலாவது ஓராண்டில் 1200 தரும், ஐஆர்ஆர் (போட்ட பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்கிறது என்பது) 20%. இரண்டாவது மூன்றாண்டு கழித்து மொத்தமாக 1600 தரும், ஐஆர்ஆர் சுமார் 17%. ஆனால் 10% தள்ளுபடி விகிதத்தில் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) நிகர தற்போதைய மதிப்பு, அதாவது அப்படிக் குறைத்து முதலீட்டையும் கழித்தபின் மிஞ்சும் என்பிவி, முறையே 91, 202.

இரண்டாவதையே எடுத்துவிட்டோம். குழப்பத்தைத் தீர்த்தது, இரண்டுக்குமான வித்தியாசத்தைத் தனித் திட்டமாகப் பார்த்ததுதான். ஓராண்டு முடிவில் வரும் 1200ஐ விட்டுக்கொடுத்தால் மூன்றாம் ஆண்டு முடிவில் 1600. அதன் ஐஆர்ஆர் சுமார் 15.5%. கைக்கு வரும் 1200ஐ அதைவிட நல்ல வருமானத்தில் இரண்டு ஆண்டு போட்டுவைக்க வழியிருந்தால்தான் முதல் திட்டம் ஜெயிக்கும். எங்களுக்கு அப்படி வழி இல்லை.

அப்புறம், போன வாரம் கேட்டபோது இரண்டாவது திட்டத்தின் என்பிவியை 202க்குப் பதில் 184 என்று போட்டிருந்தேன், அது என் அசட்டுத்தனம். எக்செல்லின் என்பிவி சூத்திரம் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். நான் முதலீட்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன். வெளியே எடுத்துக் கழித்ததும் சரியாகிவிட்டது. ஐஆர்ஆர் சூத்திரத்துக்கு மட்டும் முதலீடு உள்ளேயே இருக்க வேண்டும்.