“40 ஏக்கர் கொடுத்தார்கள், பிழைக்கத் தெரியவில்லை” என்பவருக்கு

கருவேலங்காடு:
நேற்று இன்னொரு இழையில் பத்திரக்காரர் எழுதியது இது: “அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் அடிமைகளுக்கு ஆளுக்கு 40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் கொடுத்தார்கள். அதை வைத்துப் பிழைக்காதது யார் தப்பு?” படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1865 ஜனவரி 12 அன்று சவானா நகரில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மனும் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனும் கறுப்பினப் பாதிரியார்கள் 20 பேரை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எல்லாருக்குமாகப் பேசியவர் காரிசன் ஃபிரேசியர், வயது 67. 1,000 டாலரைப் பொன்னும் வெள்ளியுமாக எண்ணிக் கொடுத்து, தன்னையும் தன் மனைவியையும் தானே மீட்டுக்கொண்ட மனிதர். அவர் கேட்டது நிலம். அதையும் சும்மா கேட்கவில்லை. நாங்களே உழுது பாடுபட்டு, பிறகு விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்கிறோம் என்றார்.

நாலே நாளில் ஷெர்மனின் 15ஆம் எண் உத்தரவு வந்தது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகள், கடலிலிருந்து 30 மைல் உள்ளே வரை ஆற்றோரம் கைவிடப்பட்ட நெல் வயல்கள், இவை விடுதலை பெற்றவர்களுக்கு. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். அந்த வருஷமே திருப்பிப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். இதுதான் நீங்கள் சொல்லும் “கொடுத்தது”.

பத்திரக்காரன்:
26 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். எனக்கு நிலம் பற்றிப் பாடம் வேண்டாம். அந்த உத்தரவைச் சரியாகப் படியுங்கள். அதில் இருப்பது அனுபோகச் சீட்டு, பட்டா கிடையாது. “காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அவர்கள் பாத்தியதையை ஒழுங்குபடுத்தும் வரை” என்று எழுதியே இருக்கிறது. சொந்தமில்லாததை எப்படிப் பிடுங்க முடியும்? அனுபோகம் பட்டா ஆகாது.

வைகைமீன்:
ஒரு சின்னத் திருத்தம். அந்த உத்தரவில் கோவேறு கழுதை என்ற சொல்லே இல்லை. ராணுவத்தில் மிஞ்சிய கழுதைகள் சிலருக்குக் கிடைத்தன, அவ்வளவுதான்.

கருவேலங்காடு:
பத்திரக்காரரே, நேற்று “கொடுத்தார்கள்”. இன்று “பட்டாவே கிடையாது”. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். கொடுத்திருந்தால் பிடுங்கியது அநியாயம். கொடுக்கவே இல்லை என்றால், பிழைக்கத் தெரியவில்லை என்று அவர்களைப் பழித்தது அதைவிட அநியாயம்.

காங்கிரஸ் ஒழுங்குபடுத்தவில்லையா என்ன? 1865 மார்ச் 3 சட்டத்தில் விடுவிக்கப்பட்டோர் நலப் பணியகம் வந்தது. 40 ஏக்கர் வரை மூன்று வருஷம் குத்தகை, வருஷ வாடகை மதிப்பில் 6 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்குள் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தெளிவாக இருக்கிறது. ஏப்ரலில் லிங்கனைச் சுட்டுக் கொன்றார்கள். பின்னால் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் மே 29இல் பொதுமன்னிப்பு அறிவித்தார். மன்னிப்பு வாங்கிய பழைய முதலாளிக்கு அடிமைகள் தவிர மற்ற சொத்தெல்லாம் திரும்பிப் போனது.

பத்திரக்காரன்:
அதுவும் குத்தகை. குத்தகை பட்டா ஆகாது, அனுபோகமும் பட்டா ஆகாது. ஷெர்மனே பிற்பாடு இது தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார். கண்ணீர் வேறு, ஆவணம் வேறு.

நெய்தல்:
நிலத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள் இருவரும். அடிமைமுறையை ஒழித்து, குடியுரிமையும் வாக்குரிமையும் கொடுத்த அரசியல் சட்டத்தின் 13, 14, 15ஆம் திருத்தங்கள் வந்தன. 1870இல் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ் மேலவையான செனட்டில் போய் உட்கார்ந்தார். அடிமைமுறை ஒழிந்து ஐந்தே வருஷம்! அதைப் பேசமாட்டீர்களா?

கருவேலங்காடு:
நெய்தல், பேசுவோம். அதே மிசிசிப்பி 1865 நவம்பரில் போட்ட சட்டத்தையும் சேர்த்துப் பேசுவோம். ஊர் எல்லைக்கு வெளியே கறுப்பினத்தவர் நிலம் குத்தகைக்கு எடுக்கவே கூடாது. ஒவ்வொரு ஜனவரியிலும் வேலை இருப்பதற்கு எழுத்து அத்தாட்சி காட்ட வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தக்க காரணமின்றி வேலையை விட்டால் அந்த வருஷம் அதுவரை உழைத்த கூலியும் போச்சு. உழுவதற்கு ஒரு துண்டு நிலம் இல்லாதவன் எங்கே போவான்? அடித்தவன் வயலுக்கே, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குத்தான் போவான். அப்புறம் அவன் ஓட்டு யார் கையில் இருக்கும்?

பத்திரக்காரருக்கு ஆவணம்தானே வேண்டும்? இதோ. 1865 அக்டோபரில், ஷெர்மன் உத்தரவில் வந்த தீவுகளில் ஒன்றான எடிஸ்டோவில் தேவாலயம் நிறைய ஜனம். பணியகத்தின் தலைவர் ஜெனரல் ஹோவர்ட், போரில் வலது கையை இழந்தவர், மேடையேறி நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். எங்கள் நிலத்தை ஏன் எடுக்கிறீர்கள், அரசுக்கு என்றும் உண்மையாக இருந்தது நாங்கள்தானே என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். பிறகு அந்தத் தீவு மக்கள் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. முதலாளிகளை மன்னிக்கச் சொல்கிறீர்கள். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் அம்மாவையும் தங்கையையும் துணி உரிந்து அடித்தவனை, அவன் சொன்ன கூலிக்கு அவன் வயலில் நட்டால்தான் காலிக் குடிசையில் இருக்க விடுவேன் என்பவனை எப்படி மன்னிப்பது என்று கேட்கிறார்கள். இதற்கு என்ன முத்திரைத்தாள் வேண்டும் உங்களுக்கு?

பத்திரக்காரன்:
அது மனு. மனு பட்டா ஆகாது. ஒரு விஷயம் கேட்கிறேன், போன மாதம் லிங்கன் இழையிலும் என்னை மட்டும்தான் குறிவைத்தீர்கள். எனக்கு மறக்கவில்லை.

கருவேலங்காடு:
எனக்கும் மறக்கவில்லை. லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் எல்லா அடிமைகளையும் விடுவித்தது என்று எழுதினீர்கள். பிரிந்து போகாமல் வடக்கோடு இருந்த கென்டக்கி மாநிலத்துக்குப் பொருந்தாது என்று காட்டினேன். இன்றுவரை பதில் இல்லை.

வைகைமீன்:
பத்திரக்காரரின் மேற்கோளில் கழுதை இன்னும் திருத்தப்படவில்லை.

பத்திரக்காரன்:
கழுதை என்று ஊரெல்லாம் சொல்கிறது, நானும் சொன்னேன். நீங்கள் யார் என்னைத் திருத்த?

நெய்தல்:
நான் செனட் பற்றிக் கேட்டேன், கழுதையில் வந்து நிற்கிறோம்.

கருவேலங்காடு:
1862இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழித்தபோது, அரசுக்கு விசுவாசமான முதலாளிகளுக்கு ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை ரொக்கமாக இழப்பீடு கொடுத்தார்கள். முதலாளிக்கு ரொக்கம். உழைத்தவருக்கு அனுபோகச் சீட்டு, அதுவும் சில மாதத்துக்கு. பத்திரக்காரரே, இதில் எது கொடுத்தது?

பத்திரக்காரன்:
அது வேறு சட்டம். அனுபோகம் பட்டா ஆகாது. நூறு முறை கேட்டாலும் இதுதான்.

கருவேலங்காடு:
அந்த இழையில் “கொடுத்தார்கள்” என்ற சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்துவீர்களா, மாட்டீர்களா?