மறுமொழி: வாரண்டியில மாத்திக் குடுக்கிற போனுக்குத் தமிழ்ல என்ன? "புதுப்பித்த" வேண்டாம்

> வாரண்டியில போன மாத்திக் குடுக்கிறாங்களே, அது புதுசா ரீஃபர்பிஷ்டா? எதுவா இருந்தாலும் "புதுப்பித்த பேசி"ன்னு ஒரே சொல்லா வச்சுக்கிட்டா என்ன?

அக்கா வணக்கம். மொரிஷியஸ் அண்ணன் நேத்து போட்ட மடலுக்கும் சேர்த்தே டர்பன்ல இருந்து எழுதிடறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

ஒரே சொல் போதாது. ரீப்ளேஸ்மென்ட்ங்கிறது அந்த போன் ஏன் நம்ம கைக்கு வந்துச்சுங்கிறதச் சொல்லுது, ரீஃபர்பிஷ்ட்ங்கிறது அது எந்த நிலைமையில வந்துச்சுங்கிறதச் சொல்லுது. பதிலா வர்ற போன் தொழிற்சாலையில இருந்து நேரா வந்ததாவும் இருக்கலாம், வேற யாரோ நாலு மாசம் வச்சிருந்து கோளாறுன்னு திருப்பிக் குடுத்து, உள்ள ஏதோ ஒரு பார்ட்டும் பேட்டரியும் வெளிக்கூடும் மாத்தி, வெள்ளைப் பெட்டியில போட்டு அனுப்பினதாவும் இருக்கலாம். ரெண்டையும் ஒரே சொல்லுக்குள்ள போட்டுக் குழப்பினா யாருக்கு லாபம்னு சொல்ல வேண்டியதில்ல.

ஐபோன்லயே பாருங்க, செட்டிங்ஸ்ல ஜெனரல், அதுக்குள்ள அபவுட், அங்க மாடல் நம்பரோட முதல் எழுத்து. "எம்" (M) வந்தா சாதாரணமா கடையில வித்தது, "எஃப்" (F) வந்தா ரீஃபர்பிஷ் பண்ணி வித்தது, "பி" (P) வந்தா பேர் பொறிச்சுக் குடுத்தது, "என்" (N) வந்தா மாத்திக் குடுத்தது. இதுல "என்" வந்தா பழைய போனத் தலையில கட்டிட்டாங்கன்னு எல்லா வாட்ஸப் குரூப்லயும் ஒரு மெசேஜ் சுத்திக்கிட்டே இருக்கு. அந்த எழுத்துக்கு அவ்வளவு அர்த்தம் கிடையாது, பதிலா வந்ததுன்னு மட்டும்தான் அது சொல்லுது. உள்ள இருக்கிறது புதுசா பழசான்னு அதுல தெரியாது. பேட்டரியப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்னு அண்ணன் எழுதியிருந்தார், ஐபோன் 15ல இருந்து எத்தனை தடவ சார்ஜ் சுத்து ஓடியிருக்கு, எப்ப செஞ்சது, எப்ப முதல்ல உபயோகிச்சதுன்னு காட்டுது, வாஸ்தவம்தான். ஆனா ரீஃபர்பிஷ் பண்றப்ப மொதல்ல மாத்துறதே பேட்டரியத்தானே, அது புதுசுன்னு காட்டாம வேற என்ன காட்டும்?

வாரண்டித் தாள்லயே ஆப்பிள்காரங்க ஒளிக்காம எழுதித்தான் வச்சிருக்காங்க. மாத்திக் குடுக்கிற பொருள் புது பாகங்கள்லயும் இருக்கலாம், முன்னாடி உபயோகிச்ச பாகங்கள்லயும் இருக்கலாம், ஆனா வேலை செய்யறதுலயும் நம்பிக்கையிலயும் புதுசுக்குச் சமமா இருக்கும்னு. இந்த "புதுசுக்குச் சமம்"ங்கிற ஒரு சொல்லுக்காக அமெரிக்காவுல 2016ல கேஸ் போட்டு, கடைசியில தப்புன்னு ஒத்துக்காமலே 9.5 கோடி டாலர் குடுத்து முடிச்சாங்க. டென்மார்க்ல ஒருத்தர் 2011ல வாங்கின ஐபோன் 4க்கு ரீஃபர்பிஷ்ட் குடுத்தது செல்லாது, புதுசு குடுன்னு 2016ல கோர்ட் சொல்லிச்சு. ஆஸ்திரேலியாவுல கேட்டா புதுசே தரணும்னு 2018ல ஒத்துக்கிட்டாங்க, கேட்டாத்தான், கவனிங்க.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடணும். கவுண்டர்ல உக்காந்து போர்டு வேலை பாத்துக்கிட்டிருந்தா ஆளு ஒரு வாரம் போன் இல்லாம அலையணும், அதனால ஒண்ண எடுத்துக் குடுத்துட்டு கெட்டுப்போனத டிப்போவுக்கு அனுப்பிடறாங்க, அங்க சரி பண்ணினது அடுத்தவருக்குப் போகுது. ஒரு மாடல் வந்த புதுசுல திரும்பி வந்த போனே சேர்ந்திருக்காது, அப்ப மாத்திக் குடுக்கிறதும் புதுசாத்தான் இருக்கும். அந்த மாடல் செய்யறதையே நிறுத்தினப்புறம் புதுசுக்கு எங்க போறது. தப்பு அதுல இல்ல, சொல்லாமக் குடுக்கிறதுலதான்.

இங்க சாட்ஸ்வர்த்ல எங்க சித்தி பொண்ணு 24 மாச காண்ட்ராக்ட்ல எடுத்த போன்ல திரையில பச்சைக் கோடு விழுந்து, கடையில மாத்திக் குடுத்தாங்க. சார்ஜர் இல்ல, பேப்பர் இல்ல, மொட்டைப் பெட்டி. புதுசான்னு கேட்டா "லைக் நியூ மேடம்"னு சிரிச்சானாம். எந்தக் கடைன்னு விடுங்க, எல்லாக் கடையிலயும் அதே சிரிப்புதான்.

தென்னாப்பிரிக்காவுல சட்டம் இருக்கு. 2008ஆம் வருஷத்து 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011ல நடைமுறைக்கு வந்துச்சு. 56ஆம் பிரிவுப்படி பொருள் கைக்கு வந்து ஆறு மாசத்துக்குள்ள பழுதுன்னா பழுதுபாத்துக் குடு, இல்ல மாத்திக் குடு, இல்ல காச திருப்பிக் குடுன்னு நாமதான் சொல்லணும், கடைக்காரன் சொல்லக்கூடாது. பழுதுபாத்தும் மூணு மாசத்துல கோளாறு தீரலேன்னா இல்ல வேற கோளாறு வந்தா மாத்தணும் இல்ல காசு தரணும். ஆனா அந்தப் பிரிவுல மாத்திக் குடுக்கிறது புதுசாத்தான் இருக்கணும்னு ஒரு வார்த்தை கிடையாது. அதுக்கு 25ஆம் பிரிவுக்குப் போகணும், ரீகண்டிஷன் பண்ணினதோ ரீபில்ட் பண்ணினதோ ரீமேட் பண்ணினதோ, அதுமேல அசல் கம்பெனி முத்திரை இருந்தா, அப்படிச் செஞ்சதுன்னு கண்ணுல படற மாதிரி அந்தப் பொருள் மேலயே அறிவிப்பு ஒட்டணும். சித்தி பொண்ணோட பெட்டியில அப்படி ஒட்டினது ஒண்ணுமில்ல. 22ஆம் பிரிவு வேற, அறிவிப்பு சாதாரண ஜனத்துக்குப் புரியற மொழியில இருக்கணும்னு சொல்லுது. (நம்ம அரசியல் சட்டம் 6ஆம் பிரிவுல தமிழ்ப் பேர் சொல்லி மதிக்கச் சொல்லுது, ஒரு நாளைக்கு யாராவது தமிழ்ல அறிவிப்பு ஒட்டணும்னு வந்தா சொல் தயாரா இருக்கட்டுமேன்னுதான் இவ்வளவும் எழுதறேன், வேற வேலை இல்லாம இல்ல.)

இப்ப சொல்லுக்கு வருவோம். "புதுப்பித்த" ஏன் ஆகாது? ஒண்ணு, போன்ல தமிழ் வச்சிருக்கிறவங்களுக்கு புதுப்பிப்புன்னா சாஃப்ட்வேர் அப்டேட். "புதுப்பித்த பேசி"ன்னா நேத்து ராத்திரி அப்டேட் போட்ட போன்னுதான் படிப்பாங்க. லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும்கூட புதுப்பிக்கத்தான் செய்யறோம். இதவிடப் பெருசு, அந்தச் சொல்லுக்குள்ள "புது" உக்காந்திருக்கு. அக்கா, உங்க ரீயூனியன் தீவுக்கும் செல்லுபடியாகிற பிரெஞ்சு அரசாணை ஒண்ணு 2022 பிப்ரவரி 17ல வந்துச்சே, ரெகோந்திசியொனே, அதாவது ரீஃபர்பிஷ்ட்னு எதச் சொல்லலாம்னு வரையறுத்ததோட, அந்தப் பொருளுக்கு "புது நிலை", "புதுசு மாதிரி" இப்படியெல்லாம் போடக்கூடாதுன்னு தடையே போட்டாங்க. அவன் சட்டம் போட்டு விலக்கினத நாம சொல்லுக்குள்ளயே வச்சுத் தைக்கணுமா? ஈயம் பூசின பித்தளைப் பாத்திரத்த எங்க ஆத்தா புதுப் பாத்திரம்னு ஒருநாளும் சொன்னதில்ல, ஈயம் பூசினதுன்னுதான் சொல்லும்.

"மறுசீரமைத்த"ன்னா தொகுதி ஞாபகம் வருது. "பழுதுபார்த்த"ங்கிறது என் போன எனக்கே சரி பண்ணித் தர்றதுக்கு வேணும், அத இதுல செலவு பண்ணக்கூடாது. என் முன்மொழிவு "செப்பனிட்ட". ரோடு, குளம், வீடு எல்லாத்தையும் செப்பனிடறோம், செப்பனிட்ட ரோட்ட யாரும் புது ரோடுன்னு ஏமாறறதில்ல, மட்டம்னும் நினைக்கிறதில்ல.

ரீப்ளேஸ்மென்ட்டுக்கு அண்ணன் குடுத்த "பதில்பேசி" எனக்குப் பிடிச்சுது, ஆனா அம்மாகிட்ட பதில் பேசி அடி வாங்கின ஞாபகம் வருதே அண்ணா. "மாற்றுப்பேசி"ன்னா சர்வீஸ் முடியற வரைக்கும் கையில குடுக்கிற இரவல் போனும் ஆயிடும். "ஈட்டுப்பேசி" அடகுக்கடை. பொருளாதாரப் புத்தகங்கள்ல இறக்குமதிப் பதிலீடுன்னு ஏற்கனவே இருக்கு, அதையே எடுத்துக்கலாம், பதிலீட்டுப் பேசி. அப்ப கடைச் சீட்டுல "பதிலீடு: புதியது" இல்லாட்டி "பதிலீடு: செப்பனிட்டது"ன்னு ரெண்டுல ஒண்ண அடிக்கச் சொல்லிக் கேக்கலாம். வாரண்டிக்கு உத்தரவாதம் இருக்கு, அத நோண்ட வேண்டாம்.

டர்பன்

---

> என் முன்மொழிவு "செப்பனிட்ட"

தம்பி, பதிலீடு ரொம்பச் சரி, எங்களுக்கு அது காசு விஷயமும்கூட. இங்க சட்ட உத்தரவாதம் ரெண்டு வருஷம், பழுது பாத்துக் குடுத்தா ஆறு மாசம் கூடும், நாம பழுது பாக்கச் சொல்லியும் கடைக்காரன் பாக்காம போய், அதனால மாத்திக் குடுக்கிறதா ஆனா அந்தப் பதிலீட்டுக்கு உத்தரவாதம் மறுபடி மொதல்ல இருந்து ஓடும். அதனால சீட்டுல எந்தச் சொல் இருக்குங்கிறதுல சண்டை போடறது நியாயம்தான்.

செப்பனிட்டதுலதான் எனக்கு இடிக்குது. நீங்க சொன்ன அதே அரசாணைய முழுசாப் படிச்சா, உபயோகிச்ச பொருளோட எல்லா வேலையையும் சோதிச்சுப் பாக்கணும், பழைய ஆளோட தகவல எல்லாம் அழிக்கணும், தேவைப்பட்டாத்தான் ரிப்பேர். ஒரு ஸ்க்ரூவக்கூடக் கழட்டாம, சோதிச்சு அழிச்சு மட்டும் வித்தாலும் அது ரெகோந்திசியொனேதான். எதையும் சரி பண்ணாதத செப்பனிட்டதுன்னு எப்படிச் சொல்ல? புதுச்சேரியில எங்கப்பா இருந்திருந்தா இதுக்கே ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

சேன் தெனி, ரீயூனியன்

---

> எதையும் சரி பண்ணாதத செப்பனிட்டதுன்னு எப்படிச் சொல்ல?

நல்ல இடிதான் அக்கா. செப்பம்னா ஒழுங்கா இருக்கிற நிலைமைதானே, அப்ப "செப்பம் பார்த்த"ன்னு வச்சா? பழுது பார்த்ததுக்குப் பக்கத்துலயே நிக்கும், சோதிச்சது மட்டும்னாலும் பொய் ஆகாது. எங்க சட்டத்துல வர்ற மாதிரி பிரிச்சுப் போட்டு மறுபடி கட்டினதுக்கு மட்டும் "செப்பனிட்ட"ங்கிறத வச்சுக்கலாம், ஆக மூணு நிலை: புதியது, செப்பம் பார்த்தது, செப்பனிட்டது. கடைக்காரன் மூணையும் பாத்து முழிப்பான், முழிக்கட்டும்.

டர்பன்

---

தம்பி, பதில்பேசிய அவ்வளவு லேசாத் தள்ளிட்டீங்க, எங்க நாட்டு ரூபா நோட்டுல தமிழ் இருக்கு, உங்களுது எதுல இருக்கு? சரி சரி, பதிலீட்டுக்கே ஓட்டுப் போடறேன். செப்பம் பார்த்தது பேச்சுல நல்லா வருது, பெட்டி மேல ஒட்ட நீளம், பட்டியல்ல ரெண்டையும் போட்டு வைங்க. அடுத்தது க்ரே மார்க்கெட்ட எடுத்துக்கலாமா, தம்பி சொன்ன 25ஆம் பிரிவுல அடுத்த வரியே அதுதானே, முத்திரைக்காரன் அனுமதி இல்லாம இறக்குமதி பண்ணினது. "கள்ளச்சந்தை"ன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, அது வேற.

ரோஸ் ஹில், மொரிஷியஸ்